3ம் 4ம் சேந்தா 7 தானே, 5 எப்பிடி வருது? வெக்டர் புரியாம மண்டை காயுது

பாம்பன்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பன், பிளஸ் ஒன் படிக்கிறேன், பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் இப்ப இங்கிலீஷ் மீடியம். போன வாரம் பிசிக்ஸ் டெஸ்ட்ல 25க்கு 6, அந்த ஆறும் ஒரு மார்க் கேள்வியில சும்மா டிக் அடிச்சதுல வந்தது. மொத பாடம் அலகு, அளவீடு எல்லாம் நல்லாத்தான் போச்சு, ரெண்டாவது பாடத்துல வெக்டர், அதாவது திசையும் சேந்த அளவுன்னு சொல்லி எழுத்து தலைக்கு மேல அம்புக்குறி போட ஆரம்பிச்சாங்க பாருங்க, அன்னையில இருந்து கிளாஸ்ல உக்காந்து ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

என்ன புரியலன்னு கேட்டா அதையும் ஒழுங்கா சொல்லத் தெரியல, இருந்தாலும் சொல்றேன்.

3ம் 4ம் கூட்டுனா 7, ஒண்ணாப்புல இருந்து அதான். இங்க வந்து 5ங்குறாங்க. அடுத்த கணக்குல அதே 3ம் 4ம் சேந்து 1ங்குறாங்க. கேட்டா கோணத்தப் பொறுத்துன்னு சொல்லிட்டு ஃபார்முலா எழுதிப் போட்டுட்டாங்க. கோணத்தப் பொறுத்து கூட்டலே மாறுமா என்ன?

அப்புறம் இந்த காஸ், சைன். ஒரு கணக்குல கிடைமட்டத்துக்கு காஸ் போடுறாங்க, சாய்தளம் வந்தா சைன் போடுறாங்க, நான் எதப் போட்டாலும் அது மட்டும் கரெக்டா தப்பா இருக்கு, காசு சுண்டிப் போட்டிருந்தாக்கூட பாதி தேறியிருக்கும்.

கடைசியா, பெருக்கல் எதுக்கு ரெண்டு? புள்ளி வச்சா நம்பர் வருமாம், பெருக்கல் குறி போட்டா வெக்டர் வருமாம், அதுவும் ரெண்டு பேரும் இருக்குற பக்கம் இல்லாம செங்குத்தா எங்கயோ வானத்தப் பாத்து நிக்குமாம். யாரு சொன்னா அங்க நிக்கச் சொல்லி?

டெஸ்ட்ல வந்த ஒரு கணக்கு இது. படகு வேகம் தண்ணியில மணிக்கு 5 கிமீ, நீரோட்டம் 3 கிமீ, 2 கிமீ அகலத்த நேர் குறுக்க கடந்து எதிர்க்கரைக்குப் போகணும், முனைய எந்தக் கோணத்துல திருப்பணும்? நான் டேன் இன்வர்ஸ் 5ல் 3, 31 டிகிரின்னு எழுதுனேன், முட்டை. வீட்டுல அப்பா பேப்பர எடுத்துப் பாத்தாரு. வத்தை, அதான் சின்ன மீன்பிடிப் படகு, வச்சிருக்காரு, எட்டாவதுக்கு மேல படிக்கல. படம் போட்டிருந்தேன்ல அதப் பாத்துட்டு, "இப்பிடிப் போனா நீ எதிர்க்கரையில அந்த எடத்துக்குப் போக மாட்டடா, கொஞ்சம் தள்ளித்தான் போய் ஏறுவ" ன்னாரு. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல, "போய்ப் பாரு தெரியும்"ங்குறாரு. பேப்பர் திருத்துனவங்களும் தப்புன்னு போட்டாங்க, அப்பாவும் தப்புங்குறாரு, என்ன தப்புன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.


ரிவிஷன்ராஜா:

தம்பி ரொம்ப யோசிக்காத. ஆர் இஸ் ஈக்வல் டு ரூட் ஆஃப் பி ஸ்கொயர் பிளஸ் கியூ ஸ்கொயர் பிளஸ் 2 பி கியூ காஸ் தீட்டா. பி, கியூ ரெண்டு வெக்டரோட அளவு, தீட்டா நடுவுல இருக்குற கோணம், ஆர் கூட்டுன விடையோட அளவு. இத மனப்பாடம் பண்ணு, அஞ்சு மார்க் வருவிக்குற கேள்வியா இதான் கேப்பாங்க, முக்கோண விதி படத்தோட எழுதிட்டா முழு மார்க். புரிஞ்சுதான் எழுதணும்னா யாருமே பாஸாக முடியாது, நானெல்லாம் இப்பிடித்தான் வந்தேன்.


தோணித்துறை_டியூசன்:

மேல சொன்னவரு மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா அந்த ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணுன பிள்ளைகளத்தான் நான் 14 வருசமா மண்டபத்துல டியூசன்ல திருப்பிப் பிரிச்சு மேஞ்சுகிட்டு இருக்கேன்.

தம்பி, நீ கேட்ட மொத கேள்விதான் சரியான கேள்வி. கோணத்தப் பொறுத்து கூட்டல் மாறல, நீ எதக் கூட்டுறங்குறதுதான் மாறுது. 3 கிலோ மீனும் 4 கிலோ மீனும் ஒரு பெட்டியில போட்டா 7 கிலோதான், நீ வடக்க பாத்துப் போட்டாலும் தெக்க பாத்துப் போட்டாலும் 7தான். ஏன்னா எடைக்கல்லு காட்டுற கிலோவுக்கு திசை கிடையாது. ஆனா 3 கிமீ நடந்துட்டு அப்புறம் 4 கிமீ நடந்தன்னு வையி. எவ்வளவு நடந்தன்னு கேட்டா 7. கிளம்புன எடத்துல இருந்து இப்ப எவ்வளவு தூரத்துல நிக்குறன்னு கேட்டா? நேரா போயிருந்தா 7. போய்ட்டு அதே ரோட்டுல திரும்பி வந்திருந்தா 1. பாதியில செங்குத்தா திரும்பியிருந்தா 5. வேற மாதிரி திரும்பியிருந்தா 1க்கும் 7க்கும் நடுவுல ஏதோ ஒண்ணு. அவ்வளவுதான் விசயம். அந்த நீளமான ஃபார்முலா இதத்தான் ஒரே வரியில சொல்லுது, காஸ் 0 போட்டுப் பாரு 7 வரும், காஸ் 180 போடு 1 வரும், 90 போடு 5 வரும். போட்டுப் பாத்துட்டு அப்புறம் மனப்பாடம் பண்ணு, யாரு வேணாம்னா.

விசைக்கு வா. கரைவலை இழுக்குறத பாத்திருப்பேல்ல, அரிச்சமுனைப் பக்கம் இன்னும் இழுக்குறாங்க. வலை மடி கடலுக்குள்ள இருக்கும், ரெண்டு கயிறு, ரெண்டு பக்கமும் ஆளுக வரிசையா நின்னு இழுப்பாங்க. ஒரு பக்கம் 500 நியூட்டன், அடுத்த பக்கமும் 500 நியூட்டன்னு வச்சுக்க. ரெண்டு கயித்துக்கும் நடுவுல கோணம் 120 டிகிரியா இருந்தா மடிக்கு வந்து சேர்ற விசை வெறும் 500தான், அதாவது ஒரு பக்கத்து ஆளுக மொத்தமும் வீட்டுக்குப் போயிட்டு மிச்சம் இருக்குறவங்க நேரா இழுத்தா என்னவோ அதான். 60 டிகிரியா நெருங்குனா 866. ரெண்டு வரிசையும் ஒண்ணா சேந்துட்டா 1000. இப்ப நல்லா கவனி, வலை கரைக்கு கிட்ட வர வர, ஆளுக நின்ன எடத்துலயே நின்னா கோணம் விரிஞ்சுக்கிட்டே போகும். அதான் ரெண்டு வரிசையும் இழுக்க இழுக்க ஒருத்தர ஒருத்தர் பாத்து நெருங்கி வருவாங்க. மீன் பக்கவாட்டுல தப்பிச்சுரக் கூடாதுங்குறதுதான் அவங்க கணக்கு, நம்ம கணக்கும் அதுக்குள்ளயே இருக்கு.

அந்த மிச்ச விசை எங்க போச்சுன்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு, நல்ல கேள்வி. காணாமப் போகல, இந்த வரிசை வலைய வடக்க இழுக்குது, அந்த வரிசை தெக்க இழுக்குது, அது ரெண்டும் அடிச்சுப் பிடிச்சு ஒண்ணுமில்லாம போயிருது. கரையப் பாத்து இழுக்குற பங்கு மட்டும்தான் சேருது. இந்த "பங்கு"தான் புக்குல கூறுன்னு போட்டிருப்பாங்க. ஒரு வெக்டர்ல இந்தத் திசைக்கு எவ்வளவு பங்கு இருக்கு, அதான் கூறு.

காஸா சைனாங்குறதுக்கு இதான் பதில். கோணத்த எந்தக் கோட்டுல இருந்து அளந்தியோ, அந்தக் கோட்டுக்கு காஸ். மத்ததுக்கு சைன். கிடைமட்டம் செங்குத்துங்குறது எல்லாம் இதுல இல்லவே இல்ல. சாய்தளத்துல ஏன் மாறுதுன்னா, எடை கீழ்நோக்கி இருக்கு, தீட்டாங்குறது எடைக்கும் சாய்தளத்துக்குச் செங்குத்தான கோட்டுக்கும் நடுவுல வருது. அதனால செங்குத்துக் கூறுக்கு காஸ், சரிவுல இறங்குற கூறுக்கு சைன்.

இதும் மறந்துபோச்சுன்னா ஒரு குறுக்கு வழி. சரிவ படுக்கப் போட்டுரு, தீட்டா 0. தரையில வச்ச படகு தானா சறுக்குமா? சறுக்காது. அப்ப சறுக்குற கூறு 0 ஆகணும், சைன் 0 தான் 0. முடிஞ்சுபோச்சு. பரீட்சை ஹால்ல எத்தன பேர இது காப்பாத்திருக்கு தெரியுமா. 300 கிலோ வத்தைய 10 டிகிரி மணல் சரிவுல ஏத்தணும்னா சரிவோட கீழ இழுக்குற கூறு 300 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.174, ஏறக்குறைய 511 நியூட்டன். நீ காஸ் போட்டேன்னா 2896 வரும், அது மணல அமுக்குற விசை, படக கீழ இழுக்குறது இல்ல. மணல் உரசுறது தனி, அத இதுல சேக்கல, அதுக்குத்தான் அடியில உருளைக் கட்டை போடுறது.

படகுக் கணக்குக்கு கையில ஒரு விசயம் சொல்லிட்டு நிறுத்திக்கிறேன், நீரோட்டம் இருந்தா படகு சாய்வா போகும், சாய்வுப் பாதை நீளம் அதிகம், அதனால கடக்குற நேரமும் கூடும். மிச்சத்த யாராச்சும் சொல்லுங்க, பேட்ச் பிள்ளைக வந்துருச்சு.


கப்பக்காரன்:

டியூசன் சார் சொன்னது முக்காவாசி அருமை, கடைசி வரி மட்டும் தப்பு. கோவிச்சுக்காதீங்க சார்.

நான் சரக்குக் கப்பல்ல செகண்ட் ஆபீசர், கீழக்கரைதான் சொந்த ஊரு, சார்ட்டுல, அதான் கடல் வரைபடத்துல, கோடு போடுறதுதான் நமக்கு வேலையே. இந்தத் தம்பி கேட்ட கணக்க நாங்க வாட்ச்ல நிக்கும்போது தினமும் போடுறோம், வெக்டர்னு சொல்ல மாட்டோம் அவ்வளவுதான்.

பாம்பன்ல இருந்து மண்டபத்துக்கு மேக்க பாத்துப் போற, கச்சான் காலம், அதான் தென்மேக்குக் காத்து காலம், ஓட்டம் தென்கடல்ல இருந்து வடகடலுக்கு, அதாவது தெக்க இருந்து வடக்க இழுக்குது, 3 கிமீ. வாடைக் காலத்துல இதே திருப்பி. இப்ப முனைய நேரா மேக்க வச்சுக்கிட்டுப் போறன்னு வையி. உன் படகோட 5 கிமீல வடக்கு தெக்குப் பங்கு எவ்வளவு? ஒண்ணுமில்ல. ஓட்டத்தோட 3 கிமீல கிழக்கு மேக்குப் பங்கு எவ்வளவு? அதும் ஒண்ணுமில்ல. அப்ப 2 கிமீ அகலத்த நீ 5 கிமீ வேகத்துலதான் கடக்குற, 24 நிமிசம். ஓட்டம் 3 ஆனாலும் 10 ஆனாலும் ஓட்டமே இல்லைனாலும் அதே 24 நிமிசம்தான். பாதை நீளம்தான், 2.33 கிமீ, சரி, ஆனா போற வேகமும் 5 இல்லையே, ரூட் 34, அதாவது 5.83. வகுத்துப் பாருங்க அதே 24 வரும். ஆனா அந்த 24 நிமிசத்துல ஓட்டம் உன்ன 1.2 கிமீ வடக்க கொண்டுபோய் விட்டுரும். நீ மண்டபம்னு நெனச்ச எடம் ஒண்ணு, ஏறுற எடம் ஒண்ணு.

நேரம் கூடுறது எப்பன்னா, நேர் எதிர்க்கரைக்கே போவேன்னு அடம்பிடிச்சு முனைய தெக்க திருப்புறேல்ல, அப்பத்தான். ஏன்னா உன் 5ல ஒரு பங்க ஓட்டத்த எதிர்க்க செலவழிக்கிற.

இப்ப உன் முட்டைக்கு வருவோம். நீ 3ம் 5ம் செங்கோணத்துல வச்சு டேன் போட்டிருக்க. அந்த 31 டிகிரி ஒரு உண்மையான கோணம்தான், ஆனா அது முனைய நேரா வச்சா படகு எவ்வளவு விலகிப் போகும்ங்குற கோணம். "31 விலகுதா, அப்ப 31 எதிர்ப்பக்கம் திருப்புனா சரியாயிரும்" னு நெனச்சிருக்க. நாங்களும் கேடட்டா இருந்தப்ப இதான் பண்ணுவோம், நல்லா வாங்கிக் கட்டிக்குவோம். திருப்புனதும் முக்கோணமே மாறிப்போச்சு தம்பி. இப்ப செங்கோணம் ஓட்டத்துக்கும் நீ போக நெனைக்குற கோட்டுக்கும் நடுவுல இருக்கு, படகோட 5 கர்ணமாயிருச்சு.

கிராஃப் பேப்பர் எடு, 1 செமீக்கு 1 கிமீ. பாம்பன்ல ஒரு புள்ளி வை. அதுல இருந்து மேக்க நீளமா ஒரு கோடு இழு, அது நீ போக நெனைக்குற பாதை, நீளம் இப்போதைக்குத் தெரியாது. அதே புள்ளியில இருந்து வடக்க 3 செமீ, ஓட்டம். ஓட்டத்தோட நுனியில காம்பஸ் முள்ள குத்து, 5 செமீ விரி, மேக்குக் கோட்ட வெட்டு. வெட்டுன எடத்துக்கு நுனியில இருந்து கோடு போடு, அதான் நீ முனைய வைக்க வேண்டிய திசை. ஸ்கேல் வச்சு அள, பாம்பன் புள்ளியில இருந்து வெட்டுன எடம் வரைக்கும் 4 செமீ இருக்கும், அதான் உனக்கு நெசமா கிடைக்குற வேகம். கோணம் சைன் இன்வர்ஸ் 5ல் 3, 37 டிகிரி கிட்ட. 2 கிமீக்கு அரை மணி நேரம். உன் 3, 4, 5 இங்கயும் வந்து உக்காந்திருக்கு பாரு.

கடல்ல ஓட்டம் இப்பிடி ஒரே சீரா எல்லா எடத்துலயும் 3ன்னு இருக்காது, அந்த வாய்க்கால்ல நடுவுல ஒண்ணு ஓரத்துல ஒண்ணு. கணக்குக்காக அப்பிடி வச்சிருக்கோம்.


தோணித்துறை_டியூசன்:

அடி வாங்கிக்கிறேன். சரிதான், நேரம் மாறாது. இத்தனைக்கும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தான இயக்கம் ஒண்ணையொண்ணு பாதிக்காதுன்னு எறிபொருள் பாடத்துல நானே தொண்டை கிழிய கத்துறவன். அவசரத்துல டைப் பண்ணது. அத அழிக்கல, இருக்கட்டும், பிள்ளைக படிச்சுட்டு தப்ப கண்டுபிடிக்கட்டும்.


பாலத்துல_பைக்:

நடுவுல நானும் ஒண்ணு கேட்டுக்குறேன், நான் பிசிக்ஸ் எல்லாம் இல்ல, பாம்பன் ரோட்டுப் பாலத்துல தினமும் மண்டபத்துக்கு பைக்ல வேலைக்குப் போறவன். காத்து தெக்க இருந்து அடிக்குதுன்னு கடலப் பாத்தா தெரியுது, ஆனா வண்டி ஓட்டும்போது மூஞ்சில முன்னாடி இருந்து அடிக்குற மாதிரி இருக்கு, நிறுத்துனா மறுபடி இடது காதுல அடிக்குது. இதுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் உண்டா?


கப்பக்காரன்:

இதே கணக்குதான் அண்ணே, கூட்டலுக்கு பதிலா கழித்தல். நீங்க மேக்க 40ல போறீங்க, காத்து வடக்க பாத்து 30ல போகுது. உங்க மேல படுற காத்துன்னா காத்தோட திசைவேகத்துல இருந்து உங்க திசைவேகத்தக் கழிக்கணும். வெக்டர கழிக்குறதுன்னா அத திருப்பிப் போட்டுக் கூட்டுறது. மேக்க 40ஐ திருப்புனா கிழக்க 40. அதோட வடக்க 30. மொத்தம் 50, முன்னாடியில இருந்து 37 டிகிரி இடது பக்கமா மூஞ்சில அறையும். 40ல போய் 50 வாங்குறீங்க. வேகமா போகப் போக கோணம் இன்னும் முன்னாடி வரும். கப்பல்ல இத ட்ரூ விண்ட் (நெசமா அடிக்குற காத்து), அப்பேரண்ட் விண்ட் (ஓடும்போது நம்ம மேல படுற காத்து)னு பிரிச்சு லாக் புக்ல எழுதுவோம், பாய் போட்டு ஓடுற பெருசுகளுக்கு எழுதாமலே தெரியும்.


உச்சிப்புளி_அக்கா:

தம்பி, பெருக்கல் கேள்விய எல்லாரும் விட்டுட்டாங்க, நான் சொல்றேன். எம்எஸ்சி பிசிக்ஸ் முடிச்சுட்டு வீட்டுல ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு இருக்கேன், இந்த மாதிரி கேள்வி வந்தாத்தான் படிச்சதே ஞாபகம் வருது.

யாரு சொன்னா அங்க நிக்கச் சொல்லின்னு கேட்டேல்ல, அதுக்கு உண்மையிலேயே ஒரு ஆளு இருக்காரு. ஹாமில்டன்னு அயர்லாந்துக்காரரு, 1843 அக்டோபர் 16, டப்ளின்ல கால்வாய் ஓரமா சம்சாரத்தோட நடந்து போகும்போது திடீர்னு ஒரு சமன்பாடு தோணி, அங்க இருந்த பாலத்துக் கல்லுல கத்தியால கீறி வச்சாரு. அவரு கண்டுபிடிச்சது குவாட்டர்னியன்னு ஒரு வகை எண்ணு, அதுல ரெண்டு வெக்டர பெருக்குனா விடை ரெண்டு துண்டா வரும், ஒரு துண்டு வெறும் எண்ணு, ஒரு துண்டு வெக்டர். பின்னாடி அமெரிக்காவுல கிப்ஸ், இங்கிலாந்துல ஹெவிசைடு, இவங்க ரெண்டு பேரும் தனித்தனியா, இது எதுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கணும், பிசிக்ஸுக்கு சில எடத்துல இந்தத் துண்டு வேணும் சில எடத்துல அந்தத் துண்டு வேணும்னு வெட்டிப் பிரிச்சுட்டாங்க. கிப்ஸ் 1881ல தன்கிட்ட படிச்சவங்களுக்கு அச்சடிச்சுக் குடுத்த நோட்ஸ்ல இருந்துதான் உன் புக்கு வரைக்கும் வந்திருக்கு. அதனால ரெண்டு பெருக்கல் ஏன்னா, மொதல்ல ஒண்ணாத்தான் இருந்துச்சு.

எண்ணு வர்றது எதுக்குன்னா, "இதுல எவ்வளவு அதுக்கு உதவுச்சு"ன்னு கேக்குறதுக்கு. ஐஸ் பெட்டிய கயிறு கட்டி மணல்ல இழுக்குற, கயித்துல 100 நியூட்டன், கயிறு தரையில இருந்து 60 டிகிரி தூக்கி இருக்கு, பெட்டி 10 மீட்டர் நகந்துச்சு. நகந்த திசைக்கு உன் விசையோட பங்கு 100 காஸ் 60, அதாவது 50. வேலை 500 ஜூல். மிச்சம் பெட்டிய மேல தூக்கத்தான் பாத்துச்சு, பெட்டி மேல போகல. ஜூலுக்கு வடக்கு தெக்கு கிடையாது, அதனால எண்ணு. 90 டிகிரின்னா 0. மீன் கூடைய தலையில வச்சுக்கிட்டு சமதரையில ஒரே சீரா நடந்து போற பெரியம்மா கூடைய மேல தாங்குற விசையால செஞ்ச வேலை 0ன்னு புக்கு சொல்லும். கணக்குப்படி சரி. அத போய் அந்தப் பெரியம்மாட்ட சொல்லிராத.

வெக்டர் வர்றது திருப்புற சமாச்சாரத்துக்கு. நீ பாம்பன்காரன், பழைய ரயில் பாலம் தூக்குறத சின்ன வயசுல பாத்திருப்ப. 1914ல திறந்தது, நடுவுல ரெண்டு இலை, ஆளுக நின்னு கையால லிவர் சுத்தித்தான் தூக்குவாங்க. இப்ப 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் துண்டு அப்பிடியே லிஃப்ட் மாதிரி நேரா மேல போகுது, அதுல திருப்புற வேலை இல்ல, இடப்பெயர்ச்சி மேல்நோக்கி, அவ்வளவுதான். பழசுதான் நமக்கு வேணும்.

பாலம் ஏறக்குறைய கிழக்கு மேக்கு. மண்டபம் பக்கத்து இலை, அடி மேக்க இருக்கு, நுனி கிழக்க பாம்பன் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு. பாம்பன் பக்கத்து இலைக்கு நுனி மேக்க. ரெண்டையும் தூக்குற விசை மேல்நோக்கித்தான். ஆனா ரெண்டும் ஒரே மாதிரியா சுத்துது? ஒண்ணுக்கு எதிர் ஒண்ணு. அப்ப விசை மேல்நோக்கின்னு மட்டும் சொன்னா சுத்துறத சொன்ன மாதிரி ஆகல. சுத்துறதச் சொல்லணும்னா எந்த அச்சப் பத்தி, எந்தப் பக்கமாங்குறது வேணும். அச்சு எங்க இருக்கு? பாலத்துக்கு குறுக்க, வடக்கு தெக்கா படுத்திருக்கு. அது இலைக்கும் செங்குத்து, தூக்குற விசைக்கும் செங்குத்து. அந்த அம்பு அங்க நிக்குறதுக்கு காரணம் இவ்வளவுதான், அது எதையும் அந்தப் பக்கமா தள்ளல, சுத்துற அச்ச காட்டிக்கிட்டு நிக்குது.

இப்ப வலது கைய எடு. விரல்கள மண்டபம் இலையோட நீட்டு, கிழக்க. அப்பிடியே மேல்நோக்கி மடக்கு. கட்டைவிரல் எங்க காட்டுது? தெக்க. பாம்பன் இலைக்கு மேக்க நீட்டி மேல மடக்கு, வடக்க காட்டும். ரெண்டு திருப்பு விசையும் எதிரெதிர், பாலம் நடுவுல தொறக்குது. இடது கையில பண்ணிராத, எழுதுறது வலது கையிலதானே, பேனாவ கீழ வச்சுட்டு பண்ணு, பாதிப் பேரு ஹால்ல பேனாவ விடாம இடது கையில பாத்துட்டு திசைய மாத்தி எழுதிட்டு வருவாங்க, நானும் ஒருக்கா எழுதியிருக்கேன்.

ஏ கிராஸ் பி, பி கிராஸ் ஏ ரெண்டும் எதிர்க்குறி ஏன்னு இப்ப நீயே விரல மடக்கிப் பாத்துக்க.

இன்னொண்ணு, திசை இருந்தாலே வெக்டர்னு எழுதிராத. கரண்டுக்கு திசை இருக்கு, ஆனா வயர் எல்லாம் சேர்ற ஒரு எடத்துக்கு ஒண்ணுல 3 ஆம்பியரும் இன்னொண்ணுல 4 ஆம்பியரும் வந்தா வயர எந்தக் கோணத்துல வளைச்சு வச்சாலும் வெளிய 7தான் போகும், 5 போகாது. திசையும் இருக்கணும், இந்த முக்கோணக் கூட்டலுக்கும் ஒத்துவரணும். ஒரு மார்க்ல கண்டிப்பா வரும்.


ரிவிஷன்ராஜா:

அக்கா அந்தக் கரண்டு கேள்வி எங்களுக்கு வந்துச்சு, நான் வெக்டர்னு எழுதுனேன். 😅


பாம்பன்_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா இதான் வேலை. கிராஃப் பேப்பர்ல கப்பக்காரன் அண்ணன் சொன்ன மாதிரி போட்டேன், காம்பஸ் கொஞ்சம் லூசு, 4.1 செமீ வந்துச்சு, பரவால்லையா?

அப்புறம் என்னோட பழைய 31 டிகிரியில போனா எங்க போய் நிப்பேன்னு நானே போட்டுப் பாத்தேன், சரியான்னு பாருங்க. ஓட்டத்துக்கு எதிரா என் பங்கு 5 சைன் 31, அது 2.57. ஓட்டம் 3. அப்ப இன்னும் 0.43 வடக்க இழுக்குது. குறுக்க போற வேகம் 5 காஸ் 31, அது 4.29. 2 கிமீ கடக்க 28 நிமிசம். அந்த நேரத்துல வடக்க தள்ளுனது 0.2 கிமீ. 200 மீட்டர்! அப்பா கொஞ்சம் தள்ளின்னு சொன்னது இதான். அவருட்ட காமிச்சேன், பாத்துட்டு, "இத நான் அன்னைக்கே சொன்னேன்ல" னுட்டு வலையப் பின்னப் போயிட்டாரு.

அப்பா எப்பிடிப் பாப்பாருன்னா, போக வேண்டிய எடத்த முனையில வைக்காம, அதுக்குத் தெக்க கரையில ஒரு மரமோ டவரோ பாத்து அதுல முனைய வைப்பாராம். பாதி போனதும், போக வேண்டிய எடத்துக்கு நேரா எதிர்க்கரையில பாத்து வச்ச ரெண்டு அடையாளமும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு அப்பிடியே நிக்குதான்னு பாப்பாராம், வெலகுச்சுன்னா இன்னும் கொஞ்சம் திருப்புவாராம். கோணம் எவ்வளவுன்னு கேட்டா தெரியாதுங்குறாரு.


கப்பக்காரன்:

கணக்கு சரி, 4.1ம் பரவால்ல, காம்பஸ் மாத்து. அடையாளம் ரெண்ட ஒரே கோட்டுல வச்சுப் பாக்குறத நாங்க டிரான்சிட்னு சொல்லுவோம், ஜிபிஎஸ் கையில இருந்தாலும் துறைமுகத்துக்குள்ள நுழையும்போது இன்னும் அதத்தான் பாக்குறோம். அப்பாவக் கேட்டேன்னு சொல்லு.

ஓட்டத்த 6ன்னு வச்சு இதே கணக்க போட்டுட்டு வா.


பாம்பன்_பையன்:

போட்டேன் அண்ணே. சைன் இன்வர்ஸ் 5ல் 6, கால்குலேட்டர்ல எர்ரர் வருது. மூணு தடவ அமுக்குனேன். கிராஃப்ல போட்டா காம்பஸ் அந்த மேக்குக் கோட்ட எட்டவே மாட்டேங்குது, 5 செமீ விரிச்சு வச்சா 6 செமீ தூரத்துல இருக்குற கோடு எப்பிடி எட்டும்.

அப்பாட்ட ஓட்டம் படக விட வேகமா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "என்ன பண்ணுவாங்க, ஓட்டம் தணியுற வரைக்கும் கரையில கெடப்பாங்க" ன்னாரு.

அடுத்த வாரம் எறிபொருள் ஆரம்பிக்குறாங்களாம், அதுக்கு தனியா கேக்குறேன்.